வாய் மூடாத கொக்கு

ஆண்டுதோறும் இம்மலரில் பள்ளியின் தேர்வு முடிவுகளையும், கட்டட வளர்ச்சியையும், பெற்றோர் செய்த உதவிகளையும் பற்றி எழுதி வந்துள்ளோம். இவ்வாண்டும் அவற்றிற்கெனத் தனிப் பக்கங்கள் உள்ளன. இங்கே நாம் எழுத விரும்புவது ஒரு பறவையைப் பற்றியும், அப்பறவையை நமக்கு முன்னரே கண்டுவிட்ட ஒரு மாணவனைப் பற்றியும், ஆசிரியராகிய நாம் செய்த ஒரு பிழையைப் பற்றியும் ஆகும். பணி ஓய்வு நெருங்கி வரும் இவ்வேளையில் இதனை எழுதாமல் விடுதல் முறையன்று எனத் தோன்றிற்று.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகின்றோம். நாம் பறவையியல் அறிஞர் அல்லோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில் அறிவியல் விரிவுரையாளர் ஒருவர் விடுமுறை நாள்களில் எங்களைக் காலை நடைக்கு அழைத்துச் செல்வார். மரத்தில் ஏதேனும் ஒரு பறவை வந்தமர்ந்தால், நாங்கள் முந்திக்கொண்டு பெயர் சொல்லுவோம். அவர் கையமர்த்தி, "பெயரைப் பிறகு சொல்லலாம், முதலில் கால், அலகு, வால் மூன்றையும் பாருங்கள்," என்பார். அன்று தொற்றிக்கொண்ட பழக்கம் இன்றும் நம்மை விடவில்லை. முதல் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பழைய தொலைநோக்கி ஒன்று இன்றும் நம் மோட்டார் சைக்கிள் பெட்டியில் கிடக்கின்றது. வேலைக்குச் செல்லும் வழியில் ஐந்து நிமிடம் நின்று பார்ப்பதே நம் பறவை ஆராய்ச்சி. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அப்பொழுது நாம் பேராக் மாநிலத்தின் கிரியான் மாவட்டத்தில் ஒரு சிறிய தோட்டப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தோம். பள்ளியின் பின்புறம் செம்பனை. முன்புறம் ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நெல்வயல். அவ்வயல்களுக்குப் புக்கிட் மேரா ஏரியிலிருந்து நீர் வருகின்றது. 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அவ்வேரி, கிரியான் உழவர்க்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சோறிட்டு வருகின்றது. நீர் இருக்குமிடத்தில் பறவைக்குப் பஞ்சமில்லை. வெண்கொக்குகள், மாட்டின் பின்னே நடக்கும் உண்ணிக் கொக்குகள், வரப்பில் கூனி அமர்ந்திருக்கும் மடையான்கள், நாணலுக்குள் நெடுங்கழுத்தை நீட்டும் செந்நாரைகள், கம்பியில் அமர்ந்து நீரை நோக்கும் மீன்கொத்திகள் என இவையெல்லாம் நமக்கு அண்டை வீட்டார் போன்றவை. வடக்கே குளிர் கடுமையாகும் மாதங்களில் தொலைநாடுகளிலிருந்து உள்ளான்களும் வந்து சேரும். இவ்வளவையும் அறிந்துவிட்டோம் என்ற எண்ணம் நமக்குச் சற்று மிகுதியாகவே இருந்தது. பிழை அங்கேதான் தொடங்கிற்று.

2013ஆம் ஆண்டு சனவரித் திங்கள் பள்ளி திறந்த முதல் வாரம். சிறிய பள்ளியாதலால் ஐந்தாம் ஆண்டுத் தமிழ்மொழிப் பாடம் நம் பொறுப்பில் இருந்தது. 'விடுமுறையில் நான் கண்டது' என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதிவரச் சொன்னோம். சிலர் பினாங்குப் பாலத்தைக் கண்டிருந்தனர். சிலர் தைப்பிங் விலங்ககத்தைக் கண்டிருந்தனர். எங்கும் செல்லாதவர்களும் எங்கோ சென்றதாக எழுதியிருந்தனர். கடைசி வரிசையில் அமரும் ஒரு மாணவன் மட்டும் வாய்க்காலைப் பற்றி எழுதியிருந்தான். அவன் குலை வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகன். வாசிப்பில் மெதுவானவன், கேட்ட கேள்விக்கு நெடுநேரம் கழித்தே விடை சொல்லுவான். வகுப்பில் அவனிருப்பதையே சில நாள் மறந்துவிடுவோம்.

அவன் இவ்வாறு எழுதியிருந்தான்: "அப்பாவுடன் தூண்டில் போடப் போனேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வாய் மூடாத கொக்கு நின்றது. அது வாயை மூடினாலும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது."

நாம் சிவப்பு மைப் பேனாவை எடுத்தோம். அவ்வரிகளின் கீழே கோடிட்டு, "இப்படியொரு கொக்கு இல்லை. கண்டதை மட்டும் எழுதுக," என எழுதினோம். அத்தோடு நின்றிருந்தால் பிழை சிறிதாயிருந்திருக்கும். நல்ல கட்டுரைக்கும் பொய்க் கட்டுரைக்கும் வேறுபாடு காட்டுவதாக எண்ணி, அவ்வரிகளை வகுப்பின் முன் உரக்கப் படித்தோம். பிள்ளைகள் சிரித்தனர். உண்மையைச் சொல்வதானால், நாமும் சிரித்தோம். அன்று மாலையே அவனுக்கு 'வாய் மூடாத கொக்கு' என்னும் பட்டப்பெயர் திடலில் வழங்கலாயிற்று.

அடுத்த வாரம் அவன் எழுதிய கட்டுரை மூன்று வரி. "நான் வீட்டில் இருந்தேன். சாப்பிட்டேன். தூங்கினேன்." எழுத்துப் பிழை இல்லை, நடந்திருக்க முடியாதது என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. நாம் 'சரி' எனக் குறியிட்டோம்.

அதற்கடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் பாகான் செராய்ப் பட்டணத்துக்குப் பொருள் வாங்கப் புறப்பட்டோம். வயலோரத்து மண்சாலை வழியே செல்லும்பொழுது, நீர் தேங்கிய ஒரு வயல்மூலையில் கொக்குகள் மேய்ந்துகொண்டிருக்கக் கண்டோம். அவற்றின் நடுவே ஒன்று மட்டும் தலைக்கு மேல் தலையாக உயர்ந்து நின்றது. 'பெரிய கொக்கு,' என்று எண்ணி வண்டியைச் செலுத்தினோம். இருபதடி சென்றிருப்போம்; ஏனோ மனம் ஒப்பவில்லை. வண்டியை நிறுத்தித் தொலைநோக்கியை எடுத்தோம்.

கால், அலகு, வால். பெரிய கொக்கின் கால் கறுப்பு. இதன் கால் மங்கிய இளஞ்சிவப்பு. கொக்குக்கு வால் வெள்ளை. இதற்கு வால் கறுப்பு. மடித்த சிறகின் ஓரமும் கறுப்பு. உடலோ சாம்பல் படிந்த வெண்மை. இறுதியாக அலகைப் பார்த்தோம். தடித்த, நிறம் மங்கிய, நீண்ட அலகு. அப்பொழுதுதான் பறவை பக்கவாட்டில் திரும்பிற்று. அலகின் அடியும் நுனியும் பொருந்தியிருந்தன. நடுவில் மட்டும் வளைந்து விலகி ஓர் இடைவெளி. அந்த இடைவெளியின் வழியே, பின்னால் நின்ற வயல்நீரின் காலை ஒளி தெரிந்தது.

'அது வாயை மூடினாலும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது.'

அவ்வேளையில் நமக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லாமல் மறைப்பது பொய்யாகும். இருபது ஆண்டுகளாகப் பார்த்து வந்த வயலில், வாழ்நாளில் கண்டிராத ஒரு பறவை! நெஞ்சு படபடத்தது, தொலைநோக்கி கையில் ஆடிற்று. நாற்பதைக் கடந்த ஒரு தலைமையாசிரியர் மண்சாலையில் நின்று சிறுவனைப்போல் ஒற்றைக் காலில் துள்ளினார் என்றால் மாணவர்கள் நம்பமாட்டார்கள். ஆயினும் அது நடந்தது. ஆனால் அம்மகிழ்ச்சி முழுதாக வந்து சேருமுன்னரே, அதன் பின்னால் சிவப்பு மையும் வந்து நின்றது. இன்பமும் வெட்கமும் ஒரே மூச்சில் வரும் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

அங்கேயே அரைமணி நேரம் நின்றோம். பறவை முழங்காலளவு நீரில் மெல்ல நடந்தது. அலகை நீருக்குள் செலுத்தித் துழாவிற்று. தலையைச் சிலமுறை அசைத்தது. பின்னர் கரிய, மெத்தென்ற எதையோ தூக்கி விழுங்கிற்று. நாணலுக்குப் பின்னாலிருந்து இன்னும் சில வெளிப்பட்டன. எண்ணினோம், ஏழு.

அவ்வழியே வந்த மலாய் உழவர் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "சிக்கு, என்ன பார்க்கின்றீர்கள்?" என வினவினார். புதிய பறவை வந்திருக்கின்றது என்று பெருமிதத்துடன் காட்டினோம். அவர் சிரித்துவிட்டார். "அவை வந்து ஒரு மாதம் இருக்கும், சிக்கு. நத்தையைத் தின்கின்றன, நன்றாகத் தின்னட்டும்," என்று சொல்லிச் சென்றார். ஆக, வயலில் வேலை செய்வோர் அறிந்திருந்தனர். தூண்டில் போடும் பதினொரு வயதுச் சிறுவன் அறிந்திருந்தான். தொலைநோக்கி வைத்திருந்த நாம் மட்டுமே அறியவில்லை.

பறவைகள் நகர்ந்த பின்னர், காற்சட்டையை மடித்துக்கொண்டு வயலில் இறங்கினோம். அவை நின்ற இடத்தில் நத்தை ஓடுகள் கிடந்தன. ஒன்றும் உடையவில்லை, உள்ளே ஒன்றுமில்லை. ஓர் ஓட்டைக் கழுவிச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டோம். பட்டணத்தில் வாங்க வேண்டிய பொருளை மறந்து வீடு திரும்பினோம். நம்மிடமிருந்த பழைய மலாயாப் பறவை நூலை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினோம். அதில் இப்பறவை இல்லை.

மறுநாள் ஞாயிறு. அம்மாணவன் வீட்டுக்குச் சென்றோம். தலைமையாசிரியர் லயத்துக்கு வந்தால் ஏதோ தவறு நடந்திருக்கின்றது என்பதே தோட்டத்தில் பொருள். தந்தையார் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "பையன் என்ன தப்பு செஞ்சான், வாத்தியாரய்யா?" என்று கேட்டார். தவறு செய்தவன் அவனல்லன் என்றோம். அவருக்கு விளங்கவில்லை. பையன் கதவுக்குப் பின்னால் நின்றான். சட்டைப் பையிலிருந்து நத்தை ஓட்டை எடுத்து நீட்டினோம்.

அவன் அதனை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். பின்னர், நம் முகத்தைப் பாராமலே, "ஓடு உடையாதுங்க ஐயா. உள்ளே இருக்கிறதை மட்டும் உருவிடும்," என்றான். உள்ளே சென்று ஒரு மைலோ டப்பாவை எடுத்து வந்து தரையில் கவிழ்த்தான். பதினான்கு ஓடுகள். அவற்றுள் ஒன்றுகூட உடையவில்லை. நாம் அரைமணி நேரத்தில் கண்டதை அவன் ஒரு மாதம் கண்டிருந்தான். வகுப்பில் சிரித்த பிறகு, அதனை வீட்டிலும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

வாசலில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவனுடைய கொள்ளுப்பாட்டி, "என்னடா அது ஓசை?" என்று கேட்டார். அவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டிருந்தது. பையன் அவரருகில் குந்தி, பறவையின் நிறத்தையும், சிறகையும், மூடாத அலகையும் சொன்னான். பாட்டி உலக்கையை நிறுத்தினார்.

"அட, நத்தைகுத்தியா? எங்க ஊரு ஏரியில கூட்டங் கூட்டமா வருமே!"

பாட்டி செங்கல்பட்டுச் சீமையில் மதுராந்தகத்துக்கு அருகில் பிறந்தவர். 1937ஆம் ஆண்டில், எட்டு வயதுச் சிறுமியாகத் தாய் தந்தையருடன் கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர். அதன்பின் ஊரைக் கண்டதில்லை. எழுபத்தாறு ஆண்டுகள் அவர் நாவில் வராதிருந்த ஒரு சொல், கொள்ளுப்பேரன் சொன்ன அடையாளத்தால் அன்று வெளிவந்தது.

"அது இங்கேயும் வந்திருச்சா? எப்படி வந்துச்சு? கப்பல்லயா?" என்றார்.

"பறந்து வந்துச்சு பாட்டி," என்றான் பையன்.

பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. "அதுங்களுக்கு என்ன, நெனச்சா திரும்பிப் போயிரும்," என்று சொல்லிவிட்டு, மீண்டும் வெற்றிலையை இடிக்கத் தொடங்கினார். அச்சொல்லுக்கு விடையாக என்ன சொல்வதென்று நமக்குத் தெரியவில்லை.

பெயர் கிடைத்துவிட்டமையால் பிற செய்திகள் எளிதாயின. நண்பர் ஒருவரிடமிருந்து இந்தியப் பறவைகள் பற்றிச் சாலிம் அலி எழுதிய நூலை இரவல் பெற்றோம். நத்தைகுத்தி நாரை அதில் இருந்தது. வேடந்தாங்கலிலும் தமிழகத்தின் பிற ஏரிகளிலும் கூடுகட்டி வாழும் பறவை. இந்தியா, இலங்கை, வங்காளதேசம், தாய்லாந்து முதலிய நாடுகளில் இவ்வினம் வாழ்கின்றது. உயரம் ஏறத்தாழ 68 செண்டிமீட்டர். குஞ்சுகளுக்கு அலகில் இடைவெளி இராது. வளர வளரவே அது தோன்றும். இவை பெரும்பாலும் ஓசையெழுப்புவதில்லை. கூட்டருகில் அலகோடு அலகு தட்டி ஒலியெழுப்பும். வாய் மூடாத பறவை வாய் பேசாத பறவையாகவும் இருப்பது ஒரு வியப்பே.

இவ்வலகைப் பற்றி இன்னொரு செய்தியும் அறிந்தோம். ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோவின் முதல் தலைமை இயக்குநராக 1946 முதல் 1948 வரை இருந்தவர் சர் ஜூலியன் ஹக்ஸ்லி. உலகம் போற்றும் உயிரியல் அறிஞர். அவர் பாடம் செய்யப்பட்ட பறவைகளின் அலகுகளையும் நூற்குறிப்புகளையும் ஆராய்ந்து, பாக்குவெட்டியைப் போல ஓட்டை நொறுக்குவதற்கே இந்த இடைவெளி பயன்படுகின்றது எனக் கருதினார். பின்வந்தோர் உயிருள்ள பறவைகளை வயலிலும் குளத்திலும் கவனித்து, அது சரியன்று எனக் கண்டனர். பறவை, நத்தையை மேலலகால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழலகின் கூரிய நுனியை ஓட்டுக்குள் செலுத்தித் தசையைப் பிரித்தெடுக்கின்றது. ஓடு பெரும்பாலும் உடைவதில்லை. பேரறிஞரும் வயலில் இறங்கிப் பாராதபொழுது தவறினார். நம் மாணவனின் மைலோ டப்பாவில் அதற்குப் பதினான்கு சான்றுகள் இருந்தன.

ஆயின், இப்பறவை ஏன் கிரியானுக்கு வந்தது? விடை அந்த ஓட்டிலேயே இருந்தது. அது நம் நாட்டு நத்தை அன்று. தென்னமெரிக்காவைச் சேர்ந்த தங்க ஆப்பிள் நத்தை. மலாயில் 'சிப்புட் கொண்டாங் ஏமாஸ்' என்பர். உணவுக்காக வளர்க்கலாம் என 1980ஆம் ஆண்டையொட்டி ஆசியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, தப்பிப் பெருகி, வயல்களில் பரவிற்று. நம் நாட்டில் 1991ஆம் ஆண்டில் முதன்முதலாகக் காணப்பட்டது. நெற்பயிரின் தாளிலும் வாய்க்கால் சுவரிலும் ஒட்டியிருக்கும் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்துகளைப் பார்த்திராத பிள்ளைகள் கிரியானில் இரார். இளநாற்றைத் தின்று தீர்க்கும் இந்நத்தையை உழவர் கையால் பொறுக்குகின்றனர், வாத்துகளை விட்டு மேய்க்கின்றனர், மருந்தும் தெளிக்கின்றனர். நத்தை பெருகிய வழியே நாரையும் பரவிற்று என அறிஞர் கருதுகின்றனர். அதே 2013ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும் இப்பறவை முதன்முறையாகப் பதிவாயிற்று. எவரும் அழைக்காமல், எவரிடமும் கூலி கேளாமல், வயலுக்கு நன்மை செய்யும் விருந்தினர் இவர்.

இனிப் பிழையின் கதைக்குத் திரும்புவோம். திங்கட்கிழமைக் காலைச் சபைகூடலில், மாணவரும் ஆசிரியரும் அறிய, நடந்ததைச் சொன்னோம். அவன் எழுதியது உண்மை. அதைப் பொய்யென்றது நம் அறியாமை. சிரித்தது நம் குற்றம் என்றோம். அவனுடைய கட்டுரை ஏட்டைக் கேட்டு வாங்கி, நாம் எழுதிய சிவப்பு வரியை அடித்துவிட்டு, "நீ எழுதியதே சரி. பிழை ஆசிரியருடையது," என எழுதிக் கையொப்பமிட்டோம்.

அன்றே அவன் மலர்ந்துவிட்டான் என்று எழுதினால் கதை அழகாக முடியும். ஆனால் அது உண்மையன்று. அடுத்த கட்டுரையும் மூன்று வரிதான். அதற்கடுத்தது நான்கு வரி. ஒரு நொடியில் நாம் மூடிய வாய் திறப்பதற்கு மூன்று மாதம் ஆயிற்று. இடையில் சனிக்கிழமைகளில் பன்னிரண்டு பிள்ளைகளை வயலோரத்துக்கு அழைத்துச் சென்றோம். ஒரே தொலைநோக்கி, முறை வைத்துப் பார்த்தனர். வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்க வேண்டும், பேசக் கூடாது, விரலை நீட்டக் கூடாது என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவன் அவனே. பட்டப்பெயர் மெல்ல மறைந்தது. ஏப்ரல் திங்களில் ஒரு நாள் அவன் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தான். வாய்க்கால் விரால் தன் குஞ்சுகளைக் காக்கும் முறை பற்றியது. அதில் எழுத்துப் பிழைகள் பதினொன்று இருந்தன. அவற்றை மட்டுமே திருத்தினோம்.

பாட்டி 2016ஆம் ஆண்டில் காலமானார். அவர் உயிரோடிருந்தவரை, பையன் மாலையில் வந்து அன்றைய எண்ணிக்கையை அவர் காதில் சொல்லுவானாம். நாம் மாறுதலாகி வேறு பள்ளிக்கு வந்துவிட்டோம். அந்த லயத்தில் இன்று சில குடும்பங்களே எஞ்சியுள்ளன. மாணவன் இளைஞனாகி, பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகின்றான். விடுமுறைக்கு வீடு வரும்பொழுது தவறாமல் நம்மைத் தொலைபேசியில் அழைக்கின்றான். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான். முதலில், "ஐயா, வந்துட்டுதுங்க. இன்னைக்கு நாற்பத்தொன்று," என்பான். எங்கே, எது என்று நாம் கேட்பதில்லை.

மாணவச் செல்வங்களே! நீங்கள் கண்டதை எழுதுங்கள். பினாங்குப் பாலம் எல்லாரும் கண்டது. உங்கள் வீட்டுப் பின்புறத்து வாய்க்கால் நீங்கள் மட்டுமே கண்டது. நாரையைக் கண்டால் கவணை எடுக்காதீர்கள். கண்ணைத் திறந்து நில்லுங்கள்.

பெற்றோர்களே! நாள் முழுதும் உழைத்து வரும் உங்களுக்குக் களைப்பு மிகுதி என்பதை அறிவோம். ஆயினும் பிள்ளை ஒன்றைக் கண்டதாகச் சொன்னால் ஒரு நிமிடம் கேளுங்கள். வீட்டிலுள்ள முதியோரிடமும் அதைச் சொல்லச் செய்யுங்கள். நூலில் இல்லாத ஒரு பெயர் அவர்களிடம் இருக்கக்கூடும்.

உடன் பணியாற்றும் ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் அறிவுரை கூறத் தகுதியுடையோம் அல்லோம். ஒரு செய்தி மட்டும் சொல்லுவோம். அன்று வயலிலிருந்து எடுத்து வந்த நத்தை ஓட்டை அம்மாணவன் நம்மிடமே திருப்பிக் கொடுத்தான். அது இன்றும் நம் மேசைமீது, சிவப்பு மைப் பேனாவுக்கு அருகில் இருக்கின்றது. பேனாவை எடுக்கும்பொழுதெல்லாம் கை முதலில் அவ்வோட்டில் படுகின்றது.